நாற்காலிக்குச் சாக்ஸ் தைக்க ஒரு மனு

மேல்வீட்டில் ஆறு பேர், ஆறு நாற்காலி. மூன்று வேளையும் ஆறு பேரும் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்கள். சாப்பிட்டு முடித்ததும் பின்னால் தள்ளிவிட்டு எழுந்தார்கள். ஆக ஒரு நாளைக்கு முப்பத்தாறு தடவை கீழ்வீட்டுக்காரிக்குப் பல் கூசியது. விருந்தாளி வரும் நாட்கள் இந்தக் கணக்கில் சேர்த்தி இல்லை.

கீழ்வீட்டுக்காரியை எல்லோரும் பாக்கெட் என்றுதான் கூப்பிடுவார்கள். பள்ளிச் சீருடை தைக்கும் கம்பெனியில் பதினோரு வருஷமாக அவளுக்கு ஒரே வேலை, சட்டைக்கு இடது பக்கப் பாக்கெட் தைப்பது. காலருக்கு ஒருத்தி, கைக்கு ஒருத்தி, பொத்தானுக்கு ஒருத்தி. பாக்கெட்டைத் தைத்து அடுத்த மேசைக்குத் தள்ளிவிட்டால் அந்தச் சட்டைக்கும் அவளுக்கும் உறவு முடிந்தது. தெருவில் பள்ளிப் பிள்ளைகள் போனால் அவள் முகத்தைப் பார்க்க மாட்டாள், பாக்கெட்டைத்தான் பார்ப்பாள். ஒரு பொருளை முதல் தையலிலிருந்து கடைசித் தையல் வரை தானே முடித்து, 'இது நான் செய்தது' என்று ஒரு தடவையாவது சொல்லிவிட வேண்டும் என்ற ஆசை அவள் மனசின் ஓரத்தில் கிடந்தது. அதை யாரிடமும் வாய் திறந்து சொன்னதில்லை. அவள் வாய் திறந்து சொன்ன விஷயங்களே கொஞ்சம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மேல்வீட்டுக்குப் பத்து விருந்தாளிகள் வந்தார்கள். பக்கத்து வீட்டில் இரவல் வாங்கிய நாற்காலிகளும் சேர்ந்து கூரையே பிளந்துவிடும் போல இருந்தது. பாக்கெட் சண்டைக்குப் போகவில்லை. பீரோவுக்கு அடியில் கிடந்த தடித்த கம்பளித் துணியை எடுத்தாள். பழைய சைக்கிள் டியூப்பை வளையம் வளையமாக வெட்டினாள். சாயங்காலத்துக்குள் இருபத்து நாலு சாக்ஸ் தயார். அடியில் இரண்டு மடிப்புக் கம்பளி, மேலே நழுவாமல் கவ்விப் பிடிக்க ரப்பர். எல்லாம் நாற்காலிக் காலுக்கு.

அவள் கணவர் லிஃப்ட் பழுதுபார்ப்பவர். ஆள் வாசலை அடைத்துக்கொண்டு நிற்பார், சிரித்தால் மூன்று மாடிக்குக் கேட்கும். அவர்தான் மேலே போய் ஒவ்வொரு நாற்காலியாகக் கவிழ்த்து மாட்டிவிட்டு வந்தார். மறுநாள் காலை மேல்வீட்டில் ஆறு பேரும் சாப்பிட்டு எழுந்துபோனது பாக்கெட்டுக்குத் தெரியவே இல்லை. பட்டினி கிடக்கிறார்களோ என்று கவலைப்பட்டு ஆளை அனுப்பி விசாரித்தாள்.

விஷயம் பரவியது. முதல் மாடி டியூஷன் சென்டர் கேட்டது. முனையில் இருக்கும் கண் ஆஸ்பத்திரி கேட்டது. கடைசியில் நூலகத்திலிருந்து நூலகர் அம்மாவே நேரில் வந்துவிட்டார்.

"சுவரெல்லாம் 'அமைதி காக்கவும்'னு எழுதிப் போட்டிருக்கேம்மா. மனுஷங்க காக்கிறாங்க, நாற்காலி காக்க மாட்டேங்குது. மூணு மாசத்துல புது வாசிப்புக் கூடம் திறக்கிறோம். முன்னூறு நாற்காலி. அதுக்குள்ள உங்களால முடிஞ்சா ஆர்டர் உங்களுக்கு. முடியலேன்னா கம்பெனி பிளாஸ்டிக் மூடிதான். அது ஒரு மாசத்துல உடைஞ்சு இன்னும் மோசமாக் கத்தும்."

முன்னூறு நாற்காலி, ஆயிரத்து இருநூறு கால். பாக்கெட்டின் வீட்டு மெஷின் சட்டை, பாவாடைக்குப் பிறந்தது. இரண்டு மடிப்புக் கம்பளியையும் ரப்பரையும் கண்டால் நடுங்கும். பத்து சாக்ஸுக்கு ஒரு ஊசி உடைந்தது. தோல் பை தைக்கிறவர்கள் வைத்திருக்கும் கனத்த மெஷின் ஒன்று இருந்தால் ஆயிரத்து இருநூறு என்ன, ஊரில் உள்ள நாற்காலிக்கெல்லாம் தைக்கலாம். அதை வாங்கத்தான் வழியில்லை. வங்கியில் கேட்டபோது அதிகாரி முதலில் சிரித்தார், பிறகு பக்கத்து மேசைக்காரரைக் கூப்பிட்டு அவருக்கும் சொல்லிச் சிரித்தார்.

"சிறுதொழில் தொடங்க அறக்கட்டளைங்க மானியம் தருது, தேடிப் பாருங்க" என்று சொன்னதும் நூலகர் அம்மாதான். அவர் கம்ப்யூட்டரிலேயே தேடிக் கொடுத்தார். ஒரு அறக்கட்டளை தேனீ வளர்ப்பவர்களுக்கு மட்டும் தந்தது.

"ரெண்டு தேனீ பிடிச்சுட்டு வரட்டுமா?" என்றார் லிஃப்ட்காரர்.

இன்னொன்று, தொழில் தொடங்கப் பணம் கேட்பவர்கள் அந்தத் தொழிலின் கடந்த மூன்று வருஷக் கணக்கைக் காட்ட வேண்டும் என்றது. மூன்றாவது, ஐந்து நிமிஷம் பேசி வீடியோ அனுப்பச் சொன்னது. பாக்கெட் தலையை வாரிக்கொண்டு போனுக்கு முன்னால் நின்றாள். "வணக்கம்" என்றாள். மீதி நேரம் முழுக்கப் போனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

லிஃப்ட்காரர் அதைப் போட்டுப் பார்த்தார். "நல்லாத்தான் இருக்கு. சரக்குக்குப் பொருத்தமா சத்தமே இல்ல."

நான்காவது அறக்கட்டளைதான் மனுஷத்தனமாக இருந்தது. ஒரே ஒரு தாள். 'தங்களைப் பற்றியும் தங்கள் தொழிலைப் பற்றியும் ஒரு பக்கத்துக்கு மிகாமல் எழுதுக.' பாக்கெட் உட்கார்ந்து யோசித்து யோசித்து, 'நாற்காலிக் காலுக்குச் சாக்ஸ் தைக்கிறேன்' என்று எழுதினாள். அதற்கு மேல் ஒரு எழுத்து வரவில்லை. முக்கால் பக்கத்துக்கு மேல் வெள்ளையாகக் கிடந்தது.

"எதுக்குடி கஷ்டப்படறே, வீட்டுலயே ஒருத்தர் இருக்காரே" என்றாள் பாக்கெட்டின் அக்கா.

அக்காவின் கணவரை ஊரே மனு மாமா என்றது. நகர அலுவலகத்து வாசலில் ஒரு பெஞ்சைப் போட்டு இருபத்தெட்டு வருஷமாக மனு எழுதுகிறார். குடிதண்ணீர், பென்ஷன், பட்டா, எதுவானாலும் அவர் கைப்பட எழுதிய மனுவைப் படித்து மூக்கு உறிஞ்சாத அதிகாரி கிடையாது. ஒரு தெருவுக்கு விளக்கு வாங்கிக் கொடுப்பதற்காக, அந்தத் தெருவில் பதினோரு பேரைக் குழியில் விழவைத்தவர். அத்தனை பேரும் அன்று காலை அவர் பெஞ்சுக்குப் பக்கத்தில் நின்று டீ குடித்துக்கொண்டிருந்தார்கள்.

பாக்கெட்டை எதிரில் உட்காரவைத்து, பேனா மூடியைக் கழற்றிக்கொண்டு தொழில் முறைப்படி முதல் கேள்வியைக் கேட்டார்.

"யாரு செத்திருக்கா?"

"யாரும் இல்ல மாமா."

"யாருமேவா? ஒரு ஒண்ணுவிட்ட பெரியப்பா கூடவா?"

"எல்லாரும் நல்லாத்தான் இருக்காங்க."

மனு மாமாவின் முகம் வாடிவிட்டது. "சரி போகட்டும். வியாதி?"

"போன வருஷம் ஜலதோஷம் பிடிச்சுது."

"ஜலதோஷத்தை வச்சுக்கிட்டு நான் என்னம்மா பண்றது?" என்று பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "கஷ்டமே இல்லாம மனு போட வந்தா எப்படி? நீ போ. தாளைக் கொடுத்துட்டுப் போ. நான் பார்த்துக்கறேன்."

மூன்று நாள் கழித்து மடித்த தாளைக் கொண்டுவந்து, கடைசி வரிக்குக் கீழே விரலை வைத்து, கையெழுத்து போடச் சொன்னார்.

"படிச்சுட்டுப் போடறேன் மாமா."

"கூடாது. என் பெஞ்சுல அந்தப் பழக்கமே கிடையாது. மனு போடறவங்க படிச்சா ஒண்ணு அழுவாங்க, இல்ல சிரிப்பாங்க. ரெண்டுலயும் கையெழுத்து கோணிடும்."

பெரியவர்களிடம் எதிர்த்துப் பேசி அவளுக்குப் பழக்கம் இல்லை. போட்டுவிட்டாள்.

மூன்று வாரம் கழித்து அறக்கட்டளையிலிருந்து போன் வந்தது. ஒரு பெண் குரல், மிகவும் மெல்லப் பேசியது. வியாழக்கிழமை பதினோரு மணிக்கு நேரில் பார்க்க வருகிறாளாம். "மனசைத் தளரவிடாதீங்கம்மா. நாங்க எல்லாரும் உங்களையே நினைச்சுக்கிட்டிருக்கோம்" என்றது குரல்.

பாக்கெட் போனை வைத்தாள். நேராக அக்கா வீட்டுக்குப் போய், மனுவின் நகலை வாங்கி, நின்றபடியே படித்தாள்.

'கருணைக் கடலாகிய அறக்கட்டளையாரின் சமூகத்துக்கு, கண்ணீரையே மையாகத் தொட்டு எழுதிக்கொள்ளும் விண்ணப்பம். சென்ற மழைக்காலத்தில் ஒரு நாள், லிஃப்ட் பழுதுபார்த்துக்கொண்டிருந்த என் ஆருயிர்க் கணவர் நான்காம் மாடியிலிருந்து தவறி விழுந்தார். அடியேன் ஓடிச் சென்று அவர் தலையை மடியில் ஏந்தினேன். கடைசியாக ஒரு வார்த்தை சொல்ல அவர் வாயெடுத்தார். அந்தக் கணத்தில் மேல்வீட்டில் யாரோ நாற்காலியை இழுத்தார்கள். அந்த வார்த்தை என்னவென்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அன்றே சபதம் எடுத்தேன்: இனி இவ்வுலகில் ஒரு நாற்காலியும் சத்தம் போடக் கூடாது.'

பாக்கெட் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"எப்படி?" என்றார் மனு மாமா, மீசையைத் தடவிக்கொண்டு. "இருபத்தெட்டு வருஷத்துல இதான் என் உச்சம்."

"அவரைச் சாகடிச்சுட்டீங்களே மாமா!"

"மனுவுலதானேம்மா. உங்க அக்காவைக் கேளு."

"என்னை ரெண்டு தடவை" என்றாள் அக்கா உள்ளே இருந்து. "ஒரு தடவை தண்ணிக் குழாய்க்கு, ஒரு தடவை கேஸ் சிலிண்டருக்கு. குழாய்ல இன்னும் தண்ணி வரல. நான் செத்தது வீண்."

வீட்டுக்கு வந்து பயந்து பயந்து கணவரிடம் தாளைக் கொடுத்தாள். லிஃப்ட்காரர் ஜன்னல் பக்கம் திரும்பி நின்று படித்தார். தோள் குலுங்கியது. சிரிக்கிறார் என்று நினைத்தாள். திரும்பினால் கண்ணில் பொலபொலவென்று தண்ணீர்.

"பாவம் நான்" என்றார்.

பிறகு சாப்பிடும்போது கேட்டார். "ஏம்மா பாக்கெட், அந்தக் கடைசி வார்த்தை என்னவா இருந்திருக்கும்?"

"என்னத்தைச் சொல்லியிருக்கப் போறீங்க. 'இன்னிக்கு என்ன சமையல்'னு கேட்டிருப்பீங்க."

"அது மூணு வார்த்தை. ஒரு வார்த்தைன்னு போட்டிருக்கார்."

"அப்போ 'பசிக்குது'ன்னு."

அவர் அதை ஒப்புக்கொண்டார்.

போன் செய்து உண்மையைச் சொல்லிவிடலாம் என்று பாக்கெட் இரண்டு தடவை போனை எடுத்தாள். இரண்டு தடவையும் கனத்த மெஷின் கண்முன் வந்து நின்றது. நூலகர் அம்மா சொன்ன மூன்று மாசத்தில் ஒன்றரை மாசம் ஓடிவிட்டது. மனு மாமா வேறு பயமுறுத்தி வைத்திருந்தார். "இப்போ மாத்திச் சொன்னா பொய் மனுன்னு ஆயிடும். வியாழக்கிழமை மாப்பிள்ளை எப்படியும் வேலைக்குப் போயிடுவார். செத்தவர் வீட்டுல இல்லாததை யாராவது தப்பாச் சொல்வாங்களா?"

வியாழக்கிழமை காலையில் மனு மாமாவும் அக்காவும் வந்து இறங்கினார்கள். கல்யாணப் போட்டோவைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்தார் மாமா. லிஃப்ட்காரரின் பன்னிரண்டாம் நம்பர் செருப்பை அக்கா பரணில் போட்டாள். சோகமாக உட்காரச் சொல்லி அக்காவை நாற்காலியில் அமர்த்தினார்கள். அவள் பாக்கெட்டின் முகத்தைப் பார்ப்பதும் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்குவதுமாக இருந்தாள்.

"பின்னாடி இருந்து பார்த்தா அழற மாதிரிதான் இருக்கு. அப்படியே இரு" என்றார் மாமா.

லிஃப்ட்காரரோ அன்று லீவு போட்டுவிட்டார். தன் சாவைப் பற்றி என்ன பேசிக்கொள்கிறார்கள் என்று தெரிந்துகொள்ளாவிட்டால் அவருக்கு வேலை ஓடாதாம். எதிர் டீக்கடையில் செய்தித்தாளை விரித்து முகத்துக்கு முன்னால் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். செய்தித்தாளுக்கு மேலேயும் அவர் தெரிந்தார், இரண்டு பக்கத்திலேயும் தெரிந்தார்.

பதினோரு மணிக்குச் சரியாக அறக்கட்டளைப் பெண் வந்தாள். சின்ன வயசு, பெரிய கண்ணாடி, மார்போடு அணைத்த ஃபைல். மூன்றாவது மாடி என்று கேட்டுக்கொண்டு லிஃப்டில் ஏறினாள். அது கம்பிக் கதவு வைத்த பழைய லிஃப்ட். ஏறுகிறவர் பொத்தானை அமுக்கிவிட்டு, கதவை முழங்காலால் ஒரு தட்டுத் தட்ட வேண்டும் என்பது குடியிருப்பவர்களுக்கெல்லாம் தெரியும். அந்தப் பெண்ணிடம் யாரும் சொல்லவில்லை. இரண்டாவது மாடிக்கும் மூன்றாவது மாடிக்கும் நடுவில் லிஃப்ட் ஒரு முனகல் முனகிவிட்டு நின்றது.

மூன்றாவது மாடிக் கம்பிக் கதவு வழியாகக் குனிந்து பார்த்தால் அவளுடைய தலை உச்சியும் ஃபைலும் தெரிந்தன.

"பரவாயில்லைங்க" என்றாள் கீழே இருந்து.  "எனக்கு மூடின இடம்னா கொஞ்சம்... நான் மூச்சை இழுத்து விட்டுக்கிட்டு இருக்கேன்."

"பயப்படாதீங்கம்மா!" என்று மனு மாமா கம்பியைப் பிடித்துக்கொண்டு கரகரத்த குரலில் ஆரம்பித்தார். எழுதிய கை சும்மா இருக்குமா, வாயும் அதே வழியில் போயிற்று. "இதே லிஃப்டுதாம்மா. இதே குழிதான். இங்கதான் அந்த மகராசன்..."

கீழே இருந்து ஓர் அலறல் கிளம்பியது.

"நீங்க சும்மா இருங்க!" என்று அக்கா அவர் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

லிஃப்ட் கம்பெனிக்குப் போன் போட்டார்கள். ஆள் வர இரண்டு மணி நேரம் ஆகும் என்றார்கள். கீழே ஃபைல் நழுவி விழும் சத்தம் கேட்டது. அந்தப் பெண் இப்போது மூச்சை இழுப்பது மட்டும்தான் கேட்டது, விடுவது கேட்கவில்லை.  ஒரு பக்கம் மெஷின், ஒரு பக்கம் அந்த மூச்சு. அதற்கு மேல் பாக்கெட் யோசிக்கவில்லை. பால்கனிக்கு ஓடினாள். ஐந்து நிமிஷ வீடியோவில் ஒரு வார்த்தைக்கு மேல் பேச முடியாதவள், தெருவே திரும்பிப் பார்க்கும்படி கத்தினாள்.

"என்னங்க! சீக்கிரம் வாங்க! லிஃப்டு நின்னுடுச்சு!"

செய்தித்தாள் பறந்தது. லிஃப்ட்காரர் இரண்டு இரண்டு படியாக ஏறி வந்தார். கம்பிக் கதவைத் திறந்தார், எங்கேயோ கையை விட்டார், எதையோ திருகினார், ஒரு குத்துக் குத்தினார். லிஃப்ட் குளிக்கப் போகிற குழந்தை மாதிரி சிணுங்கிக்கொண்டு மேலே வந்து நின்றது. அறக்கட்டளைப் பெண்ணை உள்ளே கூட்டிப்போய், தண்ணீர் கொடுத்து, நாற்காலியில் உட்காரவைத்தார்கள்.

அவள் தண்ணீரைக் குடித்து முடித்துவிட்டு லிஃப்ட்காரரைப் பார்த்தாள். "ரொம்ப நன்றிங்க. நீங்க?"



"செத்தவரோட தம்பி" என்றார் மனு மாமா. "அண்ணன் போனதுலேர்ந்து லிஃப்டைக் கண்டா விட மாட்டான்."

"அப்படியா?" என்று அவள் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டாள். "அப்போ உங்களுக்குத் தெரிஞ்சிருக்கலாம். எங்க ஆபீஸ்ல ஏழு பேரும் இதையேதான் பேசிக்கிட்டிருக்கோம், பந்தயம் கூடக் கட்டியிருக்கோம். உங்க அண்ணன் கடைசியா என்ன சொல்ல வந்திருப்பார்?"

லிஃப்ட்காரர் திருதிருவென்று விழித்தார். பொய் சொல்ல வேண்டி வந்தால் அவருக்கு முதலில் காது சிவக்கும், பிறகு கழுத்து. இரண்டும் சிவந்துவிட்டன.

"பசிக்குது" என்றார்.

அக்காவால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை. சமையலறைக்குள் ஓடிக் கதவைச் சாத்திக்கொண்டாள். உள்ளே பாத்திரங்கள் உருண்டன.

பாக்கெட் எழுந்து நின்றாள். புடவைத் தலைப்பைக் கையில் சுருட்டிக்கொண்டு, தரையைப் பார்த்தபடி சொன்னாள். "அம்மா, இவர் தம்பி இல்ல. இவர்தான் செத்தவர்."

"தெரியும்" என்றாள் அறக்கட்டளைப் பெண்.

"எப்படி?"

"லிஃப்டுக்குள்ள இருந்தாலும் காது கேட்டுது. 'என்னங்க'ன்னு கூப்பிட்டீங்க. அந்தக் குரல்ல கொழுந்தனை யாரும் கூப்பிட மாட்டாங்க."

மனு மாமா பெரிய மூச்சு ஒன்றை விட்டு, சுவரோரம் போய் நின்றுகொண்டார்.

அறக்கட்டளைப் பெண் ஃபைலைத் திறந்தாள். மெல்லிய குரல் போய், ஆபீஸ் குரல் வந்துவிட்டது. "பொய்த் தகவல் இருந்தா மனு ரத்து. எங்க நாலாவது விதி. நான் ஒண்ணும் பண்ண முடியாது." மனுவின் குறுக்கே ஒரு கோடு போட்டாள். போடும்போது அவளுக்கே மனசு வரவில்லை என்பது கையில் தெரிந்தது. "எழுத்து மட்டும் பிரமாதம். எங்க மேனேஜர் ரெண்டு நாள் சரியாச் சாப்பிடல."

 இனி திங்கட்கிழமையும் இடது பாக்கெட், அதற்கடுத்த திங்கட்கிழமையும் இடது பாக்கெட் என்று பாக்கெட்டின் கண்முன் பாக்கெட்டுகள் வரிசையாகப் போயின.

அந்தப் பெண் எழுந்தாள். வாசல் வரை போனவள் நின்று கூரையைப் பார்த்தாள்.

"மேல்வீடு காலியா?"

"இல்லீங்க. ஆறு பேர் இருக்காங்க."

"வேலைக்குப் போயிருக்காங்களா?"

பாக்கெட் கடிகாரத்தைப் பார்த்தாள். "இப்போதான் சாப்பிட்டு எழுந்திருப்பாங்க. சீக்கிரமே சாப்பிடற வழக்கம்."

"ஆறு பேரா? இப்பவா?" என்றவள் படியேறி மேலே ஓடினாள். எல்லோரும் பின்னால் ஓடினார்கள். மேல்வீட்டில் கை கூடக் கழுவாமல் ஆறு பேர் நின்றுகொண்டிருந்தார்கள். அறக்கட்டளைப் பெண் ஒரு நாற்காலியை இழுத்தாள். சத்தம் இல்லை. தள்ளினாள். இல்லை. சந்தேகம் தீராமல் அதில் உட்கார்ந்துகொண்டு, காலால் உந்தி உந்தி, மேசையைச் சுற்றி ஒரு முழு வலம் வந்தாள். திருப்பத்தில் கொஞ்சம் வேகம் கூட எடுத்தாள். மேல்வீட்டுப் பெரியவர் எச்சில் கையோடு வழி விட்டு ஒதுங்கினார்.

"இது எப்படிச் செஞ்சது?"

கேட்டது சாக்ஸைப் பற்றி அல்லவா, பாக்கெட்டின் வாய் தானாகத் திறந்தது. கம்பளியை ஏன் இரண்டு மடிப்பாகப் போட வேண்டும், ஒரு மடிப்பு என்றால் எத்தனை நாளில் தேயும், ரப்பரை உள்ளே தைத்தால் கால் ஏறாது, வெளியே தைத்தால் நழுவும், அதனால் நடுவில் வைத்துத் தைக்க வேண்டும், அங்கேதான் வீட்டு மெஷின் ஊசி உடைகிறது, கனத்த மெஷின் என்றால் ஒரே ஓட்டத்தில் போய்விடும். நாற்காலியைக் கவிழ்த்துக் காட்டிக் காட்டிப் பேசினாள். லிஃப்ட்காரர் தன் பெண்டாட்டியை யாரோ போலப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"இதை ஏன் மனுவுல எழுதல?" என்றாள் அறக்கட்டளைப் பெண்.

"அதுல ஒரு சொட்டுக் கண்ணீர் கூட இல்லையேம்மா!" என்றார் மனு மாமா.

"புது மனு இன்னிக்கு அஞ்சு மணி வரைக்கும் வாங்குவோம். இப்பவே எழுதிக் கொடுத்தா நான் கையோட கொண்டுபோறேன். முடிவு என் கையில இல்ல."

மேல்வீட்டுச் சாப்பாட்டு மேசையிலேயே பாக்கெட் எழுத உட்கார்ந்தாள். நாற்காலிக் காலுக்குச் சாக்ஸ் தைக்கிறேன் என்று ஆரம்பித்தாள். கம்பளி, ரப்பர், ஊசி, நூலகம் என்று பேசியதை அப்படியே எழுதினாள். மனு மாமா தோளுக்குப் பின்னால் நின்று தவித்தார்.

"ஒரே ஒரு இருமலாவது சேர்த்துக்கோம்மா. லேசா. ஓரத்துல."

"வேணாம் மாமா."

பக்கம் நிறைந்துவிட்டது. கடைசியில் சந்தேகத்துக்கு இடம் இருக்கக் கூடாது என்று, 'என் கணவர் உயிருடன் நலமாக இருக்கிறார்' என்று ஒரு வரி சேர்த்து, எல்லாவற்றையும் ஒரு தடவை படித்துக் கையெழுத்துப் போட்டாள்.

பன்னிரண்டு நாள் கழித்துக் கடிதம் வந்தது. மெஷின் தருகிறார்கள். ஆனால் கணவர் உயிருடன் இருப்பதாக எழுதியதால், மனு தம்பதியர் தொழில் என்ற பிரிவுக்குப் போய்விட்டதாம். அந்தப் பிரிவின் விதிப்படி இருவரும் சேர்ந்து ஐந்து நாள் தையல் பயிற்சிக்கு வர வேண்டும்.

"செத்தே இருந்திருக்கலாம்" என்றார் லிஃப்ட்காரர்.

நாற்பது பெண்களுக்கு நடுவில் முன்பெஞ்சில் உட்கார்ந்து, நாக்கைக் கடித்துக்கொண்டு நூல் கோத்தார். இரண்டாம் நாள் வகுப்பு மெஷின் பழுதாகி நின்றபோது அவர்தான் சரிசெய்தார். மூன்றாம் நாளிலிருந்து அவர் சொல்வதற்கெல்லாம் வகுப்பு சிரித்தது. ஐந்தாம் நாள் அவருக்கு முதல் பரிசாக ஒரு கத்தரிக்கோல். பாக்கெட்டுக்கு இரண்டாம் பரிசு கூட இல்லை.

"நீங்க நேராத் தைக்கறீங்க, ஆனா ரொம்ப மௌனம்" என்றார் பயிற்சி ஆசிரியை.

வாசிப்புக் கூடம் திறப்பதற்கு நாலு நாள் முன்னால் ஆயிரத்து இருநூறும் முடிந்தது. சாக்குகளைச் சுமந்துகொண்டு இருவரும் நூலகத்துக்குப் போனார்கள். புதுக் கூடத்தில் வேலை சீக்கிரமே முடிந்துவிட்டது. பழைய கூடத்திலும் ஒரு முப்பது நாற்காலிக்கு மாட்டிவிட முடியுமா என்று நூலகர் அம்மா கேட்டார். அதிகமாகத் தைத்துவைத்திருந்தது கைவசம் இருந்தது. அங்கே ஆட்கள் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தார்கள். அவர்களை எழுப்பக் கூடாது, பேசக் கூடாது. ஆகவே லிஃப்ட்காரர் நாற்காலியை ஆளோடு சேர்த்து ஒரு விரல் உயரம் தூக்கினார். பாக்கெட் மேசைக்கு அடியில் ஊர்ந்து போய் மாட்டினாள். மேலே போனதும் கீழே வந்ததும் படிக்கிற யாருக்கும் தெரியவில்லை.

ஏழாவது மேசையில் ஒரு வழுக்கைத் தலை மனிதர் தடித்த புத்தகம் ஒன்றில் மூழ்கியிருந்தார். பாக்கெட் அடியில் வந்து மூன்று காலுக்கு மாட்டிவிட்டு நாலாவது சாக்ஸை எடுத்தாள். அவர் புத்தகத்திலிருந்து கண்ணை எடுக்காமல், செருப்பைக் கழற்றிவிட்டு, தன் வலது காலை அவள் முன்னால் நீட்டினார்.

பாக்கெட் அந்தக் காலை மெல்ல எடுத்து ஓரமாக வைத்தாள். அது திரும்பவும் வந்தது. மறுபடி வைத்தாள். மறுபடி வந்தது. மூன்றாம் தடவை அந்த மனிதர் குனிந்து பார்த்தார். மேசைக்கு அடியில் ஒரு பெண், மடி நிறையச் சாக்ஸ்.

"நல்ல தடிப்பா இருக்கே" என்று ரகசியக் குரலில் சொன்னார். "யார் செஞ்சது?"

"நான்தான்" என்றாள் பாக்கெட். "முழுசா நான் செஞ்சது."

"எனக்கு ஒன்பதாம் நம்பர் இருக்குமா?"

பின்னால் நாற்காலியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்த லிஃப்ட்காரருக்குச் சிரிப்பு பீறிட்டது. நாற்காலி ஆளோடு தொப்பென்று தரையில் இறங்கியது. மூன்று கால் சத்தமே போடவில்லை. இன்னும் மாட்டாத நாலாவது கால் போட்ட சத்தத்தில் கூடமே நிமிர்ந்து பார்த்தது. பாக்கெட் அதற்கும் ஒன்றை மாட்டிவிட்டு, அடுத்த மேசைக்கு ஊர்ந்து போனாள்.